அப்பாவின் பதவியேற்புரை

எங்கள் ஊர் சின்ன ஊர். சைக்கிளில் ஒரு பக்கத்தால் நுழைந்தால் வியர்க்குமுன் மற்றப் பக்கத்தால் வெளியே வந்துவிடலாம். ஒரு கோயில், ஒரு பள்ளிக்கூடம், ஒரு சந்தி. ஆனால் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ரொறன்ரோவில் அந்த ஊருக்கு இரண்டு சங்கங்கள் இருந்தன. வெளியூர்க்காரர் யாராவது, "உங்கடை ஊருக்கு ஏன் ரெண்டு சங்கம்?" என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால் எங்கள் ஆட்களுக்கு முகம் சிவந்துவிடும். "ரெண்டு இல்லை, ஒண்டுதான். மற்றது சும்மா ஒரு கூட்டம்" என்று இரு பகுதியாரும் ஒரே பதிலைச் சொல்வார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர்களுக்குள் பூரண ஒற்றுமை இருந்தது.

அவரவர் குடியிருந்த பகுதியின் பெயரே சங்கத்துக்கும். எங்களுடையது மோர்னிங்சைட் சங்கம். அதன் தலைவர் என் அப்பா. அடுக்குமாடியில் இருந்த எங்கள் வீட்டு வரவேற்பறைதான் தலைமையகம். மற்றது மில்லிக்கன் சங்கம். அதன் தலைவர் ஸ்டீல்ஸ் பக்கம் வீடு வாங்கிக்கொண்டு போன ஓர் அங்கிள். ஊரில் அப்பாவும் அவரும் ஒரே வகுப்பில், ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து படித்தவர்கள். கனடாவுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் இரண்டு குடும்பமும் ஒரே அப்பாட்மென்டில் இருந்தோம். அம்மாவும் அன்ரியும் ஒரே அடுப்பில் சமைத்தார்கள். அப்பாவும் அங்கிளும் ஒரே குளிர்ச் சட்டையை மாறி மாறிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்கள். ஒருவருக்குப் பகல் வேலை, மற்றவருக்கு இரவு வேலை என்பதால் அது வசதியாகவே இருந்தது.

இப்படிப்பட்ட இரண்டு பேரைப் பிரித்தது காணியுமில்லை, காசுமில்லை, கடவுளுமில்லை. ஒரு மேடைப் பேச்சு. அதிலும் பேச்சுக்கூட இல்லை, பேச்சுக்கு முன்னால் வரும் பகுதி.

எங்கள் ஊர் ஆட்கள் மேடையேறினால் உடனே விஷயத்துக்கு வருவது மரியாதையில்லை. முதலில் சபையை விளிக்க வேண்டும். சபைத் தலைவர் அவர்களே, பிரதம விருந்தினர் அவர்களே, போஷகர் அவர்களே, ஆசிரியப் பெருந்தகைகளே என்று மேலிருந்து படிப்படியாக இறங்கி, பெரியோர்களே தாய்மார்களே என்று பொதுச்சனத்தில் வந்து நிற்க வேண்டும். அதற்குப் பிறகு வரும் பேச்சை யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. தன்னை விளித்தாரா, எத்தனையாவதாக விளித்தார், தனக்கு முன்னால் எவனை விளித்தார் என்பதைத்தான் கதிரையின் நுனியில் இருந்து கேட்பார்கள். கேட்டு முடிந்ததும் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

முதலாவது ஆண்டு விழா ஸ்காபரோவில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. அப்போது சங்கம் ஒன்றுதான். அப்பா மேடையேறி எல்லாரையும் விளித்தார். பிரதம விருந்தினராக வந்த பல் வைத்தியரை விளித்தார். கோயில் ஐயரை விளித்தார். மிருதங்க வாத்தியாரை விளித்தார். மண்டபத்துக் கதவு பூட்டுவதற்காக நின்ற போர்த்துக்கேயக் காவலாளியைக்கூட, "இம்மண்டபத்தைப் பாதுகாத்து நிற்கும் அன்பர் அவர்களே" என்று கைகாட்டி விளித்தார். அந்த மனிதர் ஒன்றும் விளங்காமல் திருப்பிக் கைகாட்டினார். ஆனால் காலையிலிருந்து கதிரை அடுக்கி, சோறு இறக்கி, அப்பா பேசிக்கொண்டிருந்த அந்த மைக்கையே பொருத்திவிட்டு மேடைக்குக் கீழே நின்ற அங்கிளை அவர் விளிக்கவில்லை.

"நான் பூட்டின மைக்கிலை நிண்டு காவலாளிக்கு 'அவர்களே' போட்டவர், எனக்குப் போடேல்லை" என்று அங்கிள் விருந்துச் சாப்பாட்டைத் தொடாமல் போய்விட்டார். அவரோடு பாதிச் சனமும் போய்விட்டது.

அப்பாவுக்குத் தான் செய்தது பிழை என்று விளங்கவேயில்லை. "வீட்டுக்காரனை, எங்கடை வீட்டு ஆளை ஆரும் மேடையிலை நிண்டு விளிக்கிறதே?" என்று வீட்டுக்குள் நடந்து நடந்து கத்தினார். "அவன் வேறை, நான் வேறையோ? நான் உன்ரை அம்மாவை 'பெருமதிப்புக்குரிய மனைவி அவர்களே' எண்டு விளிச்சனானே?"

"விளிச்சிருந்தால் ஒண்டும் குறைஞ்சு போயிருக்க மாட்டியள்" என்று அம்மா சமையலறையிலிருந்து சொன்னார்.

அதன்பிறகு நடந்ததை உள்நாட்டு யுத்தம் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரே பூங்காவில் ஒரே ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஒன்றுகூடல். அங்கே ஆட்டிறைச்சிக் கறி என்றால் இங்கே ஆட்டிறைச்சியும் நண்டும். அவர்கள் கயிறிழுத்தல் வைத்தால் நாங்கள் அவர்களுடையதைவிட நீளமான கயிறு கொண்டுபோவோம், இழுக்க ஆள் காணாவிட்டாலும். செத்த வீட்டில் இரண்டு மலர்வளையம், இரண்டு அனுதாபச் செய்தி. தமிழ்க் கடையில் அம்மாவும் அன்ரியும் நேருக்கு நேர் வந்துவிட்டால் இருவரும் உறைந்த மீன் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பார்கள். யார் முதலில் குளிர் தாங்காமல் நிமிர்கிறாரோ அவருக்குத் தோல்வி. அம்மா சுறாவும் பாரையும் தேவையில்லாமல் வாங்கிக்கொண்டு வந்த நாட்கள் பல உண்டு.

அப்பாவை எல்லாவற்றிலும் கூட வருத்தியது ஒரு சின்ன விஷயம். யாரோ வந்து, "அவர் உங்களைப் பற்றி இப்பிடிச் சொன்னவர்" என்று மில்லிக்கன் கதை கொண்டுவருவார்கள். என்ன சொன்னார் என்பது அப்பாவுக்குப் பெரிதில்லை. "என்னை 'அவர்' எண்டே சொன்னவன்? வடிவாய்க் கேட்டனீரோ? 'அவன்' எண்டு சொல்லேல்லையோ?" என்று திரும்பத் திரும்பக் கேட்பார். 'அவர்' என்றுதான் சொன்னார் என்று அறிந்தால் அன்று முழுவதும் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

இனி என் கதைக்கு வருகிறேன். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. கணினியில் தமிழில் தட்டத் தெரிந்த ஒரே ஆள் என்பதால் மோர்னிங்சைட் சங்கத்தின் செயலாளரும் நானே. மில்லிக்கன் சங்கத்துக்கும் ஒரு செயலாளர் இருந்தார். அங்கிளின் மூத்த மகன். யுத்தத்துக்கு முன்னால் அவரை நான் பெரிதாகக் கவனித்ததில்லை. ஒரே வீட்டில் இருந்த அந்தக் குளிர்காலத்தில் அவர் எப்போதும் தலை வரைக்கும் போர்வையை இழுத்துப் போட்டுக்கொண்டு தூங்கும் ஓர் உருவமாகத்தான் எனக்குத் தெரிந்திருந்தார். யுத்தம் வந்தபிறகுதான் கண்ணில் பட்டார்.

மார்க்கம் றோட்டில் ஒரு பிளாசாவில் நோட்டீஸ் அடிக்கும் கடை. நான் எங்கள் ஒன்றுகூடல் நோட்டீஸோடு நிற்கிறேன். அவர் தங்கள் நோட்டீஸோடு வருகிறார். ஒரே பூங்கா, ஒரே நாள், ஒரே நேரம். இரண்டு நோட்டீஸிலும் "அணிதிரண்டு வாரீர்" என்று ஒரே வாசகம். இருவரும் தாளைப் பார்த்தோம், ஒருவரை ஒருவர் பார்த்தோம். யார் முதலில் சிரித்தது என்று இன்றுவரை எங்களுக்குள் வழக்கு இருக்கிறது. கடைக்காரர் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்க்குமளவுக்குச் சிரித்தோம்.

அதன்பிறகு எங்கள் இரு சங்கங்களின் நோட்டீஸுகளும் எப்போதும் ஒரே நேரத்தில் அச்சுக்குப் போயின. நோட்டீஸ் இல்லாத வாரங்களில் நான் அப்பாவிடம், "சங்கத்தாலை ஒரு நோட்டீஸ் விட்டால் என்ன?" என்று கேட்கத் தொடங்கினேன். அந்த வருடம் எங்கள் ஊர்ச்சனத்துக்கு வந்ததுபோல் நோட்டீஸ் வேறு எந்த ஊர்ச்சனத்துக்கும் வந்திராது.

எனக்கு அவரைக் கட்ட வேண்டும். அவருக்கும் அப்படித்தான். அதைச் சொல்லிக்கொள்ள எங்களுக்கு அதிக நாள் எடுக்கவில்லை. ஆனால் வீட்டில் எப்படிச் சொல்வது? மில்லிக்கன் என்ற சொல்லைக் கேட்டால் அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவார். அந்தப் பக்கத்தில் மோர்னிங்சைட் என்றால் அங்கிள் எழுந்து பனி வழிக்கப் போய்விடுவாராம், பனி இல்லாவிட்டாலும். இதற்கிடையில் அம்மா லண்டனில் ஒரு மாப்பிள்ளை பார்த்துவிட்டார். சாதகம் பொருந்திவிட்டது. தை பிறந்ததும் முற்றாக்குவதாகப் பேச்சு. எனக்கு மிஞ்சியிருந்தது கார்த்திகையும் மார்கழியும்தான்.

இந்த நேரத்தில்தான் நாங்கள் விட்டுவந்த எங்கள் நாட்டுக்குப் புதிய ஜனாதிபதி வந்தார்.

தொண்ணூற்று நான்காம் ஆண்டு கார்த்திகை மாதம். தமிழ் வானொலிக்கென்று தனியாக வாங்கி, குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் வைத்திருந்த பெட்டியில் அந்தப் பதவியேற்புப் பேச்சைத் தமிழில் சொன்னார்கள். யுத்தம் முடிய வேண்டும், பிளவுபட்ட நாடு ஒன்றுபட வேண்டும் என்ற கருத்தில் போயிற்று. அம்மா தாளிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். அப்பா எழுந்து நின்று கேட்டார். பேச்சு முடிந்ததும் தொலைபேசி அடிக்கத் தொடங்கி, ஒரு கிழமைக்கு ஓயவில்லை.

ரொறன்ரோத் தமிழருக்கு விசர் பிடித்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் கட்டடத்து லிஃப்டில் முன்பின் தெரியாத ஒருவர் எனக்குத் தன் ஊர்வீட்டுக் கூரையை எப்படித் திருத்தப்போகிறார் என்று விளங்கப்படுத்தினார். என் மாடி வந்தும் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு ஓடு போடுவதா சீற் போடுவதா என்று என்னிடம் ஆலோசனை கேட்டார். பக்கத்து வீட்டு அன்ரி, இனி இந்தக் குளிருக்குள் கிடக்க என்ன அவசியம் என்று தன் பனிச் சப்பாத்தை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டு, அடுத்த பனிக்கு என் சப்பாத்தை இரவல் வாங்கினார். "உதுகளை நம்பாதையுங்கோ" என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அவர்களும் சூட்கேஸ் விலை விசாரித்துக்கொண்டுதான் அதைச் சொன்னார்கள்.

ஆங்கில வருடம் பிறந்து ஒரு கிழமையில் அங்கே சண்டை நின்றது. சித்திரையில் மறுபடி தொடங்கிவிட்டது. பிறகு வந்த வருடங்களை நினைத்தால் நெஞ்சு அடைக்கும். ஆனால் அந்தச் சில மாதங்களில் எங்களுக்கு இருந்த சந்தோஷம் பொய்யில்லை. நாங்கள் ஏமாளிகள் என்று இன்றைக்கு யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது. சந்தோஷப்படக் கிடைத்த நேரத்தில் சந்தோஷப்பட்டோம், அவ்வளவுதான்.

வானொலியில் அந்தப் பேச்சைக் கேட்டு மூன்றாம் கிழமை, அப்பா தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து எனக்கு முன்னால் இருந்தார்.

"பிள்ளை, ரெண்டு இனமே சேர்ந்திருக்கலாம் எண்டு ஜனாதிபதி சொல்லுறார். மோர்னிங்சைட்டும் மில்லிக்கனும் சேரக்கூடாதோ?"

"சேரலாம்தானே அப்பா. நீங்களே ஒருக்கா ரெலிபோன் எடுத்துக் கதையுங்கோவன்" என்றேன்.

"நான் எடுக்கமாட்டன். அது முறையில்லை. முதலிலை செயலாளர் மட்டத்திலை பேசவேணும். அந்தப் பெடியன்தானே அங்கை செயலாளர். நீ அவனோடை கதை."

"அவரோடையோ?" என்று முகத்தைச் சுளித்தேன். "எனக்கு அவரைச் சரியாய்த் தெரியாதே அப்பா. நம்பரும் இல்லை."

"சனத்துக்காக நாங்கள் கொஞ்சம் கஷ்டப்படத்தான் வேணும்" என்றார் அப்பா. நம்பரைத் தானே தேடி எழுதித் தந்தார். நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் நான் ஒப்புவிக்கும் நம்பர் அது.

இப்படித்தான் என் வாழ்க்கையின் மிக இன்பமான மார்கழி தொடங்கியது. ஒவ்வொரு பின்னேரமும் வரவேற்பறை நடுவில், அப்பாவுக்கு முன்னால், அப்பாவின் உத்தரவின்படி, நான் அவரோடு தொலைபேசியில் பேசினேன். "சமாதானப் பேச்சு நடக்குது, சத்தம் போடாதையுங்கோ" என்று அப்பா அம்மாவை அடக்குவார். நான் கையில் பேனையோடு, "உங்கள் தரப்பின் நிலைப்பாடு என்ன?" என்று கேட்பேன். மறுமுனையில் அவர் தன் தகப்பனுக்கு முன்னால் நின்றுகொண்டு, "எங்கள் தரப்பு இன்று மஞ்சள் நிறச் சேட்டுப் போட்டிருக்கிறது" என்று கனத்த குரலில் சொல்வார். எனக்குச் சிரிப்பை அடக்கிக் கண்ணால் தண்ணீர் வரும். "பாவம், பிள்ளை கஷ்டப்படுது" என்று அப்பா அம்மாவிடம் சொல்வது கேட்கும். சனிக்கிழமைகளில் நேரடிப் பேச்சு. அதற்கு அப்பாவே என்னை ஒரு டோனட் கடை வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். பேச்சு இழுபட்டால் பரவாயில்லை, நன்றாக ஆறுதலாகப் பேசு என்று சொல்லிவிட்டுப் போவார்.

சிரிப்புக்கிடையில் வேலையும் நடந்தது. சங்கம் ஒன்றாகும் என்பது முடிவாயிற்று. யார் தலைவர் என்பதற்குத் திருவுளச்சீட்டுப் போட்டார்கள். அப்பாவின் பெயர் வந்தது. அடுத்த முறை மில்லிக்கன் பக்கம் என்று ஒப்பந்தம். தைப்பொங்கல் விழாவில் புதிய தலைவர் பதவியேற்றுப் பேசுவார். அப்பா அந்தப் பேச்சை எழுதத் தொடங்கினார். "கடந்த காலத்தின் கசப்புகளை மறந்து, பிளவுண்ட எம் மக்கள் புதியதோர் யுகத்தினுள்…" என்று தாள் தாளாக வந்துகொண்டிருந்தது. "நாட்டு ஜனாதிபதி உங்களை விடக் குறையத்தான் பேசினவர்" என்றார் அம்மா.

பேச்சில் ஒரு பிரச்சினையும் இல்லை. பிரச்சினை அதற்கு முன்னால் இருந்தது. அங்கிளை எப்படி விளிப்பது?

மில்லிக்கன் தரப்பு சொன்னது: முன்னாள் தலைவர் அவர்களே. அப்பா கொதித்தார். "எதுக்கு முன்னாள் தலைவர்? அப்பிடி ஒரு சங்கம் இருந்தது எண்டு நாங்கள் எங்கை ஒத்துக்கொண்டனாங்கள்?" எங்கள் தரப்பு சொன்னது: போஷகர் அவர்களே. அங்கிள் கொதித்தார். போஷகர் என்றால் பல்லுப்போன கிழவருக்குக் கொடுக்கிற கதிரை என்று பதில் வந்தது. அப்படியென்றால் நிறுவுனர் அவர்களே என்று அவர்கள் கேட்டார்கள். "பிரிஞ்சு போனதுக்கு நிறுவுனரோ?" என்றார் அப்பா. மூத்த உறுப்பினர் என்றால் வயதைச் சொல்லுகிறார்கள் என்றார் அங்கிள். என் பால்ய நண்பர் என்று நான் எழுதிக் கொடுத்தேன். அதை இருவரும் ஒரே வேகத்தில் நிராகரித்தார்கள். "நண்பர் எண்டால் மூண்டு வருஷம் கதைக்காமல் இருந்திருப்பானோ?" என்று அப்பா கேட்டபோது அவருடைய குரல் ஒருமாதிரிப் போயிற்று.

விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது மில்லிக்கனிலிருந்து கடைசிச் செய்தி வந்தது. விளிப்பில் தனக்குரிய இடம் தனக்குரிய முறையில் கிடைக்காவிட்டால், அங்கிள் தன் சனத்தோடு எழுந்து போய்விடுவார். இந்தமுறை போனால் போனதுதான். அங்கிளின் மகன் அதைச் சொல்லும்போது தரப்பு, நிலைப்பாடு என்று பகிடி ஒன்றும் விடவில்லை. "அப்பா எழும்பிப் போனாரெண்டால் நான் எங்கடை கதையை வீட்டிலை எடுக்கவே ஏலாது" என்றார். நான் தொலைபேசியை வைத்தேன். லண்டன் மாப்பிள்ளையின் படம் அலுமாரிக்கு மேல் ஒரு பிள்ளையார் படத்தோடு சாத்தி வைக்கப்பட்டிருந்தது. நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். எனக்கு அவரைப் பார்க்க அழுகை வந்தது.

அப்பாவிடம் போய், "என்னத்தை அடிக்கிறது அப்பா, சொல்லுங்கோ" என்று கேட்டேன்.

"அந்த இடத்தைச் சும்மா விட்டுப்போட்டு அடி" என்றார். "நான் மேடையிலை பாத்துச் சொல்லுறன்."

நான் அப்படியே விட்டுத் தட்டினேன். என்னால் வேறு என்ன செய்ய முடியும்?

விழாவன்று நல்ல பனி. அதையும் பாராமல் சனம் வந்து குவிந்தது. மண்டபத்து வாசலில் சப்பாத்துகள் மலையாகக் கிடந்தன. கதிரைகளுக்கு மேல் குளிர்ச் சட்டைகள். சர்க்கரைப் பொங்கல் வாசமும் நனைந்த கம்பளி வாசமும் கலந்து அடித்தன. அங்கே சண்டை நின்று பத்து நாள்கூட ஆகவில்லை. ஆட்களுக்கு நிலம் தெரியவில்லை. யாரைப் பார்த்தாலும் கைகொடுத்தார்கள். அம்மாவும் அன்ரியும் மூன்று வருடக் கதையையும் ஒரே மூச்சில் கதைத்துக்கொண்டு ஒரு மூலையில் நின்றார்கள். பெண்களுக்குச் சமாதான ஒப்பந்தம் தேவைப்படவில்லை என்பதை நான் அப்போது பெரிதாக யோசிக்கவில்லை.

அங்கிள் முன்வரிசையில், கோட்டும் கழுத்துப்பட்டியுமாக, கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். அவருக்குப் பின்னால் மில்லிக்கன் சனம் சட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தது. கழற்றி மாட்டவில்லை. எழும்பு என்றால் எழும்ப ஆயத்தமாக இருந்தார்கள். செயலாளர்கள் நாங்கள் இருவரும்தான் அறிவிப்பாளர்கள். மேடையின் ஓரத்தில் ஒரே மைக்கோடு நின்றோம். "இப்போது எமது புதிய தலைவர் பதவியேற்புரை நிகழ்த்துவார்" என்று நான் சொன்னபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. பக்கத்தில் நின்றவர் அதையே திரும்பவும் ஒருமுறை சொன்னார்.

அப்பா வந்து நின்றார். கண்ணாடியைப் போட்டார். சபை முழுவதும் கதிரை நுனிக்கு வந்தது.

"பிரதம விருந்தினர் அவர்களே" என்று தொடங்கினார். ஐயரை விளித்தார். ஆசிரியர்களை விளித்தார். இரண்டு சங்கத்திலும் பொருளாளராக இருந்தவர்களை ஒரே மூச்சில், ஒருவருக்கு மற்றவர் முந்தாமல் விளித்தார். அது நாங்கள் ஒரு முழுச் சனிக்கிழமை டோனட் கடையில் இருந்து கண்டுபிடித்த வழி. கதவருகில் நின்ற காவலாளியை இந்தமுறையும் விட்டுவிடவில்லை. பிறகு தாளைப் பார்த்தார். நான் சும்மா விட்ட இடம் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

அப்பா கண்ணாடியைக் கழற்றினார்.

"அடுத்ததாய் ஒருத்தரை விளிக்க வேணும்" என்றார். மேடைத் தமிழ் போய்விட்டது, வீட்டுத் தமிழ் வந்துவிட்டது. "அவரை எப்பிடி விளிக்கிறது எண்டு எங்கடை ரெண்டு செயலாளர்மாரும் ரெலிபோனிலை பேசினவை. பேசினவை, பேசினவை, பேசிக்கொண்டே இருந்தவை."

சபையில் சிரிப்பு எழுந்தது. எனக்குக் காது சுட்டது. பக்கத்தில் நின்றவரின் கை மைக்கில் இறுகுவதைப் பார்த்தேன்.

"போஷகரோ முன்னாள் தலைவரோ எண்டு அவைக்குள்ளை ஒரு முடிவும் வரேல்லை. ஆனால் வேறை ஒரு முடிவு எப்பவோ வந்திட்டுதாம் எண்டு, சமையலறையிலை நிண்டு கேட்ட என்ரை மனிசி சொன்னவ. அவ சொன்னாப்பிறகு எனக்கு ஒரு கரைச்சலும் இல்லை. வீட்டுக்காரனை ஏன் விளிக்க வேணும் எண்டுதான் நான் அண்டைக்கு விட்டனான். இண்டைக்கு விடமாட்டன்."

அப்பா முன்வரிசையை நேராகப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார்.

"என் பெருமதிப்புக்கும் பேரன்புக்கும் உரிய சம்பந்தியார் அவர்களே!"

மண்டபம் முழுவதும் முதலில் அங்கிளைப் பார்த்தது, பிறகு எங்கள் இருவரையும் பார்த்தது. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அன்ரியின் கையைப் பிடித்துக்கொண்டு, "லண்டனுக்கு முந்தநாளே ரெலிபோன் அடிச்சுச் சொல்லிப்போட்டன்" என்பதை வாயசைவில் எனக்குச் சொன்னார். அன்ரியும் தலையை ஆட்டினார். அங்கிள் மட்டும் கட்டிய கையை அவிழ்க்காமல் இருந்தார். அவருக்கு இது இப்போதுதான் தெரிகிறது என்று அவர் முகம் சொன்னது.

அவர் மெல்ல எழுந்தார். அவரோடு மில்லிக்கன் சனமும் அரைவாசி எழுந்து, சட்டைகளைக் கையில் எடுத்தது. அங்கிள் அப்பாவைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மூன்று வருடமாக ஒரு 'அவர்களே'க்காகச் சண்டை பிடித்த மனிதர், அது சபை நிறையக் கிடைத்த அன்று, மைக் இல்லாமலே கடைசிக் கதிரைக்கும் கேட்கக்கூடியதாகச் சொன்னார்:

"டேய், பேச்சைக் கெதியா முடிச்சுப்போட்டு இறங்கடா! நாளைக்கு வீட்டை வாறம், பொம்பிளை கேட்டு."

மண்டபம் இடிந்து விழுந்ததுபோல் ஒரு சத்தம். கைதட்டல், விசில், கதிரை விழுந்த சத்தம், யாரோ குரவையிட்ட சத்தம். அப்பாவின் முகம் சின்னப்பிள்ளையின் முகம்போல் கோணி, பிறகு சிரித்தது. பிளவுண்ட மக்களையும் புதிய யுகத்தையும் மடித்து உள்பைக்குள் வைத்துவிட்டு, பெரியோர்களே தாய்மார்களே என்பதைக்கூடச் சொல்லாமல், ஓட்டமும் நடையுமாகப் படியிறங்கிப் போனார். அங்கிள் கீழே நின்றார்.

அடுத்த நிகழ்ச்சியை அறிவிக்க வேண்டியது நான். மைக்கை வாங்கிக்கொண்டு வாயருகில் வைத்தேன். என்ன நிகழ்ச்சி என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. அவருக்கும் மறந்துபோயிருந்தது. சபையில் அதை யாரும் கேட்கவுமில்லை.